முதல் ரைபிளே மேக்னமா? வேட்டைத் துப்பாக்கி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதியவர் ஒருவர் சுடுதளத்துக்கு எடுத்துவரும் ரைபிளைப் பார்த்தாலே, யாருடைய பேச்சைக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். எங்கள் தலைமுறை விழுந்து எழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். குழல் முனையை ஆள் பக்கம் திருப்பக் கூடாது, உரிமத்தைக் காலாவதியாக விடக் கூடாது என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது. மான், காட்டுப்பன்றி முதல் எல்க், மூஸ் என்ற பெரிய மான் இனங்கள் வரையிலான வேட்டைக்கு ரைபிளும் கேலிபரும் (குண்டின் விட்டத்தையும் அதற்கேற்ற தோட்டா வகையையும் சேர்த்து இப்படிச் சொல்வோம்) தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் பிழைகளை மட்டும் பார்ப்போம்.

பெரிய விலங்கு என்றால் பெரிய கேலிபர் என்று தொடங்குவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். "என்றைக்காவது மூஸ் வேட்டைக்குப் போவேன், அதனால் இப்போதே .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கிவிட்டேன்" என்பார்கள். மேக்னம் என்றால் கூடுதல் வெடிமருந்தோடு குண்டை அதிவேகமாக அனுப்பும் தோட்டா. அந்த 'என்றைக்காவது' பெரும்பாலும் வருவதே இல்லை. நடுவில் வருவதெல்லாம் மானும் பன்றியும்தான்.

கணக்கைப் பாருங்கள். 180 கிரெயின், அதாவது சுமார் 11.7 கிராம் எடையுள்ள குண்டை .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு நொடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. .300 வின்செஸ்டர் மேக்னம் அதே குண்டை 900 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. இரண்டையும் 200 மீட்டருக்குக் குறி சரிசெய்து 300 மீட்டரில் சுட்டால், குண்டு தாழ்வதில் நான்கைந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதியே 20 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். ஆக, அந்த நான்கைந்து சென்டிமீட்டரால் தப்பிய விலங்கு என்று ஒன்றைக் காட்டுவது கடினம்.

இதற்குக் கொடுக்கும் விலை தோளில் தெரியும். 3.6 கிலோ எடையுள்ள ரைபிளில் 6.5×55 ஏறத்தாழ 16 ஜூல் அளவுக்கு உதைக்கும். .308 வின்செஸ்டர் 23 ஜூல், .300 மேக்னம் 35 ஜூல். மலையேற வசதி என்று இலேசான ரைபிளாகப் பார்த்து வாங்கினால் உதை இன்னும் கூடும். தோள் வலி ஒரு வாரத்தில் ஆறிவிடும். மூளைக்குள் குடியேறிவிடும் திடுக்கம் அவ்வளவு எளிதில் போகாது.

ஒருமுறை ஓர் இளைஞர் புத்தம்புது மேக்னத்தோடு வந்திருந்தார். அட்டையில் துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் கீழே இடது பக்கம் விழுந்திருந்தன. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பழுது என்று அடித்துச் சொன்னார். "தோட்டாவை நான் போட்டுத் தருகிறேன் தம்பி, நீங்கள் சுடுங்கள்" என்றேன். இரண்டு நல்ல தோட்டாக்களுக்குப் பிறகு, அவர் அறியாமல் ஒரு டம்மி தோட்டாவைச் செலுத்தினேன். விசை 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை இரண்டு விரற்கடை கீழே போய் வந்தது, தோள் முன்னால் தள்ளியது, கண்கள் இறுக மூடியிருந்தன. ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை. அவர் முகம் சிவந்துபோனார். கூட நின்றவர்கள் சிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் அதே வியாதிதான்.

இந்தத் தவறுக்கான தண்டனையை அனுபவிப்பது வாங்கியவர் மட்டும் அல்ல. திடுக்கத்தோடு சுட்ட குண்டு நெஞ்சுக்குப் பதில் குடலில் பாய்கிறது. விலங்கு புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் தவித்துச் சாகிறது. சில வேளை கிடைப்பதே இல்லை. அதன்பின் நடப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. "கேலிபர் போதவில்லை" என்று சொல்லிக்கொண்டு அந்த மனிதர் .338 வின்செஸ்டர் மேக்னத்தை விசாரிக்கத் தொடங்குகிறார்! ஸ்வீடனில் தலைமுறை தலைமுறையாக 6.5×55 கொண்டு மூஸை வீழ்த்துகிறார்கள். அங்கே வேட்டைத் தேர்வில் நகரும் மூஸ் இலக்கைச் சுட்டுக்காட்ட வேண்டும். கவனிக்க வேண்டியது அந்தத் தேர்வை.

உதையைக் குறைக்கக் குழல் முனையில் முகப்புத் தடுப்பான் (மஸில் பிரேக்) பொருத்தலாமே என்பார்கள். பொருத்தலாம், உதை நன்றாகவே குறையும். ஆனால் வெடிவாயு பக்கவாட்டில் திரும்புவதால் சத்தம் சுடுபவரின் காதிலும் அருகில் நிற்பவரின் காதிலும் அறையும். காதுக்காப்பு இல்லாமல் ஒரு வெடி போதும், செவிக்கு நிரந்தரச் சேதம் வர. வழிகாட்டியாக உடன் வருபவர் இதற்காகவே உங்களைச் சபிப்பார்.

ஏற்கெனவே மேக்னம் வாங்கியாகிவிட்டது என்றால் அதைப் பெட்டியில் வையுங்கள். உதை மிகக் குறைந்த .22 ரிம்ஃபயர் ரைபிள் ஒன்றை எடுத்து, விசையை அழுத்துவது பழகும்வரை சுடுங்கள். பிறகு .308 அல்லது 7 மி.மீ.-08 போன்ற ஒன்றில், மேசையை விட்டெழுந்து, மண்டியிட்டும் நின்றும் சுட்டுப் பழகுங்கள். காட்டில் மேசை கிடையாது. அதற்கப்புறம் மேக்னத்துக்குத் திரும்பும்போது, அது தேவைதானா என்ற கேள்வி உங்களுக்கே எழும்.

பெல்லைச் சாட்சிக்கு அழைப்பது

எதிர்த்திசையில் போகும் கூட்டமும் உண்டு. "டபிள்யூ. டி. எம். பெல் 7×57 மௌசரில் யானைகளையே வீழ்த்தினார், எனக்குச் சிறிய கேலிபர் போதும்" என்பார்கள். ஆப்பிரிக்க யானை வேட்டைக்குப் பேர்போன பெல் அப்படி வீழ்த்தியது உண்மை. ஆனால் அவர் பயன்படுத்தியது ஆழமாகத் துளைக்கும், விரியாத முழுக்கவசக் குண்டு. யானையின் மண்டையோட்டை நெடுக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். அந்தப் படிப்பும் அந்தக் கையும் இல்லாதவர் அவரைச் சாட்சிக்கு அழைப்பதில் பொருளில்லை.

கேலிபரைப் பேசிக் குண்டை மறப்பது

.270-ஆ .308-ஆ என்று விடிய விடிய வாதிடுவார்கள். பெட்டிக்குள் எந்தக் குண்டு இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். விலங்கைத் தொடுவது குண்டுதானே? மெல்லிய உறை கொண்ட குண்டு மேக்னம் வேகத்தில் அருகிலிருந்து தோள் எலும்பில் மோதினால் மேலேயே சிதறிவிடும்; நுரையீரலுக்குப் போய்ச் சேராது. எல்க், மூஸ் போன்ற கனத்த உடல்களுக்கு உறையும் ஈயமும் பிணைந்த குண்டோ, முழுச் செம்புக் குண்டோ வேண்டும். அட்டையைச் சுடுவதற்கென்றே செய்யப்பட்ட போட்டிக் குண்டைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முழுச் செம்பிலும் சூட்சுமம் உண்டு. விரிவதற்கு அதற்கு வேகம் வேண்டும். தொலைவில் வேகம் தளர்ந்தபின் விரியாமல் ஊசிபோல ஊடுருவிப் போய்விடலாம். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது; குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகளின் முறுக்கு போதாவிட்டால் பறக்கும்போது தடுமாறும். வாய்ப்புக் கிடைத்தால், விலங்கின் மறுபக்கத் தோலுக்கடியில் தங்கிய குண்டைத் தேடி எடுத்து எடை போடுங்கள். எவ்வளவு எடை மிஞ்சியிருக்கிறது, காளானாக விரிந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சட்டத்தைக் கடைசியில் படிப்பது

ஜெர்மனியில் ரோ என்ற சிறு மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் ஆற்றல் இருந்தால் போதும். செம்மான், காட்டுப்பன்றி என்றால் 6.5 மி.மீ.க்குக் குறையாத கேலிபரும் 100 மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். ஆகவே 6.5 மி.மீ.யைவிடச் சிறியதான .243 வின்செஸ்டரில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் அங்கே காட்டுப்பன்றியைச் சுட முடியாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான பெரு விலங்குகளுக்கு .375-தான் குறைந்தபட்ச அளவு. போகும் இடத்தின் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரே வேலைக்கு மூன்று ரைபிள்

.30-06 வந்தது 1906-இல். .270 வின்செஸ்டர் 1925-இல், .308 வின்செஸ்டர் 1952-இல். மூன்றையும் வாங்கி வரிசையாக அடுக்கியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்றும் செய்வது ஒரே வேலை. சில ரைபிள்கள்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இடைவெளி விட்டு வாங்க வேண்டும். மானுக்கும் பயிற்சிக்கும் 6.5×55, 6.5 கிரீட்மோர், 7 மி.மீ.-08 ஆகியவற்றில் ஒன்று. எல்க், மூஸ் வரை தாங்க .30-06. கரடி, காட்டெருமை என்ற பேச்சு உறுதியாக வந்தால் மட்டும் 9.3×62 அல்லது .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து. பிந்தையது 1912-இலேயே வந்துவிட்டது. உதை 50 ஜூலைத் தாண்டும். மூன்றாவதற்கு அவசியமே இல்லாமல் வாழ்நாள் முழுக்க நிறைவாக வேட்டையாடியவர்கள் ஏராளம். ஒரே ரைபிள்தான் என்று கட்டாயப்படுத்தினால் யோசிக்காமல் .30-06 என்பேன். பழைய சரக்கு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஸ்கோப்புக்கு மிச்சக் காசு

வேண்டாம். ரைபிளுக்கான செலவைக் குறைத்து ஸ்கோப்புக்கான செலவைக் கூட்டுங்கள்.

பயிற்சிக்கு ஒரு தோட்டா, வேட்டைக்கு வேறொன்று

விலை குறைந்த தோட்டாவில் குறியைச் சரிசெய்துவிட்டு, விலையுயர்ந்ததை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். எடையும் வேகமும் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே பெட்டியில் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கப் பணம் போய்விடும் என்று அழுபவர்கள், முதலில் அந்த ரைபிளை வாங்கியிருக்கவே கூடாது.

அரிய கேலிபர் மோகம்

தோட்டா கிடைக்காத ரைபிள் வெறும் ஊன்றுகோல்.

ஒரே மேசையில் இரண்டு வகைத் தோட்டா

இரண்டாவது ரைபிள் வீட்டுக்கு வந்ததும் தொடங்கும் ஆபத்து இது. .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைபிளின் அறைக்குள் நுழைந்துவிடக்கூடும். சுட்டால் ரைபிளே வெடித்துச் சிதறும். ஒரு ரைபிளுக்கான தோட்டா மேசையில் இருக்கும்போது மற்றதன் பெட்டியைத் திறக்காதீர்கள். சட்டைப் பையில் உதிரித் தோட்டா போட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்; ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டே அறைக்குள் செலுத்துங்கள்.