சலேர்னோவில் சாவி வாங்குங்கள்: தென் இத்தாலியில் முதல் கடலோரக் கார்ப் பயணம்

இத்தாலிக் கடலோரத்தில் கார் ஓட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் நேப்பிள்ஸ் விமான நிலையத்திலேயே காரை எடுத்து, நேரே அமால்ஃபிக் கடற்கரைக்கு விடுகிறார்கள். புகைப்படங்கள் செய்கிற வேலை அது. என் யோசனை வேறு. பொம்பேயிக்கு ரயில், அமால்ஃபிக்குப் படகு. இரண்டையும் பார்த்து முடித்த பிறகு சலேர்னோ நகரில் காரை எடுத்துத் தெற்கே சிலெந்தோ கடலோரமாக இறங்குங்கள். நெரிசல் குறைவு, கடல் அதே கடல், வழியில் 2,500 ஆண்டுப் பழைமையான கிரேக்கக் கோயில்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் காரை முதன்முறை தொடுகிறவர்களுக்கு ஏற்ற பாதை இதுதான்.

படி 1: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் இத்தாலியில் போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். "உரிமம்தான் ஆங்கிலத்தில் இருக்கிறதே" என்ற வாதம் அங்கே போலீஸ்காரரிடம் எடுபடாது. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். அனுமதி ஓராண்டு செல்லும். பயணத்தில் அசல் உரிமம், அனுமதி இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

காரை முன்பதிவு செய்யும்போது மூன்றைப் பாருங்கள். ஓட்டப்போகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகையை அதில்தான் பிடித்துவைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அடுத்தது கியர். அங்கே கையால் கியர் மாற்றும் கார்களே மிகுதி, ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் அதைக் குறிப்பிட்டு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வலது கையால் கியர் மாற்றுவதைப் புதிதாகப் பழகுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுப்பது மேல். கடைசியாக, காரின் அளவு. சிறியதே சிறந்தது. பழைய ஊர்களின் தெருக்கள் கழுதைக்கும் கைவண்டிக்கும் போட்டவை.

படி 2: மாதம்

ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பரும் அக்டோபரும். ஆகஸ்டில் இத்தாலியே விடுமுறையில் கடற்கரைக்கு வந்துவிடும். அந்த மாதத்தின் 15ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் அறையும் கிடைக்காது, கார் நிறுத்த இடமும் கிடைக்காது.

படி 3: கார் இல்லாத நாட்கள்

நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோவுக்கு ரயிலில் வந்து அங்கேயே தங்குங்கள். ரயில் நிலையமும் படகுத்துறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

பொம்பேயிக்கு ஒரு முழு நாள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இந்த ஊர் பல மீட்டர் ஆழத்துக்குச் சாம்பலிலும் நுரைக்கல்லிலும் புதைந்தது. 1748இல் தோண்டத் தொடங்கினார்கள். சுமார் 66 ஹெக்டேர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறியோடு போகாதீர்கள். கால் வலிதான் மிஞ்சும். தெருவைக் குனிந்து பாருங்கள். கருங்கல்லில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த தடம் இருக்கும். மழைநீரும் சாக்கடையும் ஓடும் தெருவைக் கால் நனையாமல் கடக்க உயரமான கற்களை நட்டிருப்பார்கள். அவற்றின் இடைவெளி சக்கரங்கள் நுழைகிற அளவு. ஒரு நாளில் 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, டிக்கெட்டில் பெயரும் அச்சாகும். ஆகவே இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், உள்ளே நிழல் அரிது.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் ஹெர்குலேனியம். பொம்பேயியைவிடச் சிறியது, எனக்கு அதுவே மேலாகப் படுகிறது. சுடுசாம்பல் வெள்ளம் சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு மூடியதில் மரம் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. உத்தரம், கதவு, கட்டில், மாடி எல்லாவற்றையும் பார்க்கலாம். பழைய கடற்கரையின் படகுக் கொட்டகைகளில், தப்பிக்கக் காத்திருந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980க்குப் பிறகு கிடைத்தன.

நேப்பிள்ஸைக் கடக்கும்போது நேரம் இருந்தால் அங்குள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1938இல் பொம்பேயியின் ஒரு வீட்டில் கிடைத்த சிறிய தந்தச் சிற்பம் அங்கே இருக்கிறது. இந்தியாவிலிருந்து கடல் வணிகத்தில் போய்ச் சேர்ந்த பெண்ணுருவம். லட்சுமி என்று பெயர் நிலைத்துவிட்டது, யட்சி என்பாரும் உண்டு.

அமால்ஃபிக்குச் சலேர்னோவிலிருந்து பருவகாலத்தில் படகுகள் ஓடுகின்றன. ஊரும் மலையும் கடலிலிருந்து பார்க்கத்தான் அழகு. அந்தச் சாலையில் ஓட்டுகிறவருக்குக் கடலைப் பார்க்க நேரமே இருக்காது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், வளைவில் எதிரே சுற்றுலாப் பேருந்து. கோடையில் குறிப்பிட்ட நாட்களில் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்துத்தான் அனுமதி. இத்தனைக்குப் பிறகும் அங்கே போய்க் கார் நிறுத்த அலைவானேன்?

படி 4: சாவி வாங்கும்போது

காரை நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும், எரிபொருள் அளவையும் வீடியோ எடுத்துவையுங்கள். இருக்கிற கீறல்கள் எல்லாம் அவர்கள் தாளில் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்ரோலா டீசலா என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பெட்ரோல் அங்கே "பென்சினா", டீசல் "கசோலியோ". சிறிய அலுவலகங்களை மதியம் சில மணி நேரம் மூடிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பல திறப்பதே இல்லை. எடுக்கும் நேரத்தையும் திருப்பும் நேரத்தையும் அதற்கேற்ப வையுங்கள்.

படி 5: முதல் ஒரு மணி நேரம்

வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது நேர்ச்சாலையில் யாருக்கும் மறக்காது. திருப்பத்தில்தான் மறக்கும், அதுவும் ஆளில்லாத சாலையில் காலையில் கிளம்பும்போது. ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடது திருப்பம்தான் அகலமான திருப்பம். ரவுண்டானாவை வலமிருந்து இடமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பெரும்பாலும் உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை.

வேக வரம்பு ஊருக்குள் 50, வெளியே சாதாரணச் சாலையில் 90, பிரதான நெடுஞ்சாலையில் 110, விரைவுச்சாலையில் 130 கிலோமீட்டர். வழியில் வேறு பலகை இருந்தால் அதுதான் கணக்கு. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒட்டி உரசுவதுபோல் பின்னால் வருகிறவர் கோபத்தில் இல்லை, அவசரத்தில் இருக்கிறார். இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள்.

புதியவர்களின் பணத்தை அதிகம் தின்பது பழைய நகர மையங்களின் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி. வெள்ளை வட்டப் பலகை, சிவப்பு விளிம்பு, அதன் கீழே நேரம். மின்பலகையில் "வார்க்கோ அத்தீவோ" என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று அர்த்தம், நுழையாதீர்கள். யாரும் நிறுத்த மாட்டார்கள். மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வரும், வாடகை நிறுவனத்தின் தனிக் கட்டணமும் சேர்ந்து. ஜிபிஎஸ் இந்தத் தடையை எப்போதும் சொல்லாது.

நிறுத்துமிடத்தில் வெள்ளைக்கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் உங்களுக்கானதல்ல. பெட்ரோல் நிலையத்தில் "செல்ஃப்" வரிசையில் நீங்களே நிரப்பினால் விலை குறைவு.

படி 6: பேஸ்தும்

சலேர்னோவிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர், பெரும்பாலும் சமவெளி. கைபழக இதைவிட நல்ல சாலை கிடைக்காது.

கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் அமைத்த ஊர் இது. அவர்கள் வைத்த பெயர் பொசெய்தோனியா. கி.மு. 273இல் ரோமானியக் குடியிருப்பானபோது பேஸ்தும் ஆனது. பின்னாளில் சதுப்பும் மலேரியாவும் மக்களை விரட்டின. பெரிய நகரம் எதுவும் மேலே எழும்பாததால் மூன்று கோயில்கள் தப்பின.

மிகப் பழையதற்கு "பசிலிக்கா" என்று பெயர், ஆனால் அது ஹேரா தெய்வத்தின் கோயில், கி.மு. 550ஐ ஒட்டியது. முன்வரிசைத் தூண்களை எண்ணுங்கள். ஒன்பது. ஒற்றைப்படை என்பதால் நடுவில் வாசலுக்கு இடமில்லை; உள்ளேயும் நடுவில் ஒரு தூண்வரிசை ஓடுகிறது. தூண்கள் இடையில் உப்பியிருக்கும், பாரம் தாங்கும்போது புடைத்ததுபோல. அருகிலேயே சுமார் நூறு ஆண்டு பிந்திய "நெப்டியூன்" கோயில். முன்னால் ஆறு, பக்கவாட்டில் பதினான்கு தூண்கள். அதற்குள் கட்டடக்காரர்களின் கை எவ்வளவு தேறிவிட்டது என்பது இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது புரியும். சற்றுத் தள்ளி வடக்கே அதேனாவின் கோயில். வெயில் சாய்ந்த பிறகு மேற்குப் பக்கம் நின்று பாருங்கள், கல் தேன் நிறமாகிவிடும்.

அருங்காட்சியகத்தைத் தவிர்க்காதீர்கள். 1968இல் கிடைத்த ஒரு கல்லறையின் மூடிக்கல்லின் உட்புறத்தில் ஓர் இளைஞன் நீரில் பாய்வதை வரைந்திருக்கிறார்கள், கி.மு. 480–470ஐச் சேர்ந்தது. இறந்தவர் மட்டுமே பார்க்கும்படி வைத்த ஓவியம்.

இந்தச் சமவெளி எருமைப்பால் மொசரெல்லாவின் நாடு. பண்ணைகளிலேயே வாங்கலாம், அன்றே, குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் சாப்பிட வேண்டும். கண்டிப்பான சைவர்கள் கவனிக்க: பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைத்தான் மரபாகப் பயன்படுத்துகிறார்கள்.

படி 7: வேலியா வரை

அக்ரோபோலியைத் தாண்டியதும் சாலை மலையும் கடலுமாகிறது. சாந்தா மரியா தி காஸ்தெல்லபாத்தே, அச்சரோலி, பியோப்பி என்று சின்னச் சின்ன மீனவ ஊர்கள். ஏதாவது ஒன்றில் இரவு தங்குங்கள். வளைவுகள் உண்டு, ஆனால் ஒதுங்க இடமும் உண்டு. பியோப்பியில்தான் அமெரிக்க உடலியல் அறிஞர் அன்செல் கீஸ் பல ஆண்டுகள் வாழ்ந்து, மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றி ஆராய்ந்தார்.

அஸ்சேயா அருகே வேலியா, கிரேக்கர்களுக்கு எலேயா. கிரேக்கத் தத்துவ அறிஞர் பார்மெனிடீஸும் அவர் மாணவர் ஜீனோவும் இந்த ஊர்க்காரர்கள். முன்னே கிளம்பிய ஆமையைக் கிரேக்க மாவீரன் அகிலீஸ் ஓடியும் ஒருபோதும் எட்ட முடியாது என்று வாதிட்ட அதே ஜீனோதான். பொம்பேயிக் கூட்டத்துக்குப் பிறகு இங்கே பல்லிகளும் நீங்களும்தான். ஏற்றத்தில் ஏறினால் போர்த்தா ரோசா, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கல்வளைவு, வரும். 1964இல் இதை வெளிக்கொணர்ந்த தொல்லியலாளர் மாரியோ நாப்போலி தன் மனைவி ரோசாவின் பெயரை வைத்தார். பேஸ்தும் கல்லறையின் நீரில் பாயும் இளைஞன் ஓவியத்தைக் கண்டெடுத்ததும் அவரே. உச்சியில் நிற்கிற கோபுரம் இடைக்காலத்தது, கிரேக்கருடையதன்று. இரண்டு தலங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு, பேஸ்துமிலேயே கேட்டு வாங்குங்கள்.

படி 8: திரும்புதல்

வந்த வழியே வளைந்து வளைந்து திரும்ப வேண்டாம். வல்லோ தெல்லா லுக்கானியா பக்கம் உள்நாட்டுச் சாலையைப் பிடித்துப் பத்திபாலியா வந்து, அங்கிருந்து ஏ2 விரைவுச்சாலையில் சலேர்னோ; ஏ2க்குச் சுங்கக் கட்டணம் இல்லை. சலேர்னோவுக்கு வெளியிலேயே எரிபொருளை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் மூடியிருந்து சாவியைப் பெட்டியில் போட நேர்ந்தால், நிறுத்திய இடத்தையும் கிலோமீட்டர் அளவையும் மீண்டும் ஒரு வீடியோ எடுத்துவிட்டு ரயிலுக்கு நடங்கள்.