பீங்கான் மக்கில் டெக்கல் ஒட்டிச் சுடுவது எப்படி

காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் பெயர் போட்ட மக் கொடுக்கும் வழக்கம் மதுரைப் பக்கம் நன்றாகவே பரவிவிட்டது. அதில் பெரும்பாலானவை சூட்டில் அழுத்திப் படம் ஏற்றும் சப்ளிமேஷன் மக். மேலே பூசியிருக்கும் பிளாஸ்டிக் பூச்சில்தான் படம் நிற்கிறது, கம்பி நார் போட்டுத் தேய்த்தால் நாளாக நாளாக மங்கிப்போகும். தண்ணீரில் நனைத்துக் காகிதத்திலிருந்து வழுக்கி ஒட்டும் படமான டெக்கல் அப்படி இல்லை. அதன் மையில் நிறமியோடு சேர்ந்து கண்ணாடித் தூள் இருக்கிறது. 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்தத் தூள் உருக, மக்கின் மேல் கண்ணாடி போல இருக்கும் பூச்சான கிளேஸும் லேசாக இளக, இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால்தான் பாட்டி வீட்டுப் பீங்கான் தட்டில் பூ இன்னும் அப்படியே இருக்கிறது.

சிவகாசியில் ஸ்டிக்கர் அடித்து வாங்கி ஒட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாதாரண மையில் அடித்தது சூளையில் எரிந்து போகும், ஒன்றும் மிஞ்சாது. செராமிக் மையில் ஸ்க்ரீன் பிரின்ட் செய்த டெக்கல்தான் வேண்டும். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற ஒரு அண்ணன், பொம்மைக்கும் இதை ஒட்ட முடியுமா என்றார். வெறும் சுட்ட மண் மையில் இருக்கும் கண்ணாடியை உறிஞ்சிக்கொள்ளும், படம் சொரசொரவென்று மங்கலாக நிற்கும். வழவழப்பான கிளேஸ் இருந்தால்தான் இந்த வேலை.

முதலில் மக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு படம் வரும் இடத்தில் கை படக்கூடாது, கைரேகை எண்ணெய் போதும், அந்த இடத்தில் படம் பிடிக்காமல் போக. ஏற்கெனவே புழங்கிய மக் என்றால் இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்து எடுங்கள். உள்ளே ஊறிய ஈரம் சூளையில் ஆவியாகிக் கிளேஸில் புள்ளி புள்ளியாக வெடிக்கும், மக்கே விரிசல் விடவும் கூடும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், அது படத்துக்கு அடியில் தங்கினால் சுட்ட பிறகு வெள்ளைப் படலமாகத் தெரியும். கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மார்கழிக் காலையாக இருந்தால் வெதுவெதுப்பாக. டெக்கலைப் போட்டதும் காகிதம் முதலில் சுருளும், அப்புறம் தானாக விரியும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம், வெளியே எடுத்து ஈரமான டைல் மேல் வைத்துவிடுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் அடியில் இருக்கும் பசை கரைந்து போய்விடும். விரலால் லேசாகத் தள்ளினால் படம் நகர வேண்டும். நகரவில்லை என்றால் பொறுங்கள், உரிக்க மட்டும் செய்யாதீர்கள், கிழிந்துவிடும்.

மக்கையும் ஈரமாக்கிக்கொண்டு படத்தைக் காகிதத்திலிருந்து அதன் மேல் வழுக்கி விடுங்கள். இடம் சரியாக அமையும் வரை நகர்த்தலாம். அமைந்ததும் ஸ்க்வீஜி என்ற ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள், ஒரே தள்ளில் போகாது, நான்கு பக்கமும் திரும்பத் திரும்பத் தள்ள வேண்டும். பிறகு பழைய வேட்டித் துணியை மடித்து ஒற்றி எடுங்கள், நூல் உதிராத மெல்லிய துணி அது. ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் தூசி வந்து ஒட்டும், சித்திரை வெயிலில் படமும் ஓரம் காய்ந்து சுருண்டுகொள்ளும். இரண்டு படம் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் மக் என்றால் படத்தையே வளைவாக அடித்து வாங்க வேண்டும், நேர்ப்பட்டையை ஒட்டினால் மடிப்பு விழுந்தே தீரும்.

இந்தத் தண்ணீர் தள்ளும் வேலையை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தங்கை மகளின் காதுகுத்துக்குச் சுங்குடிப் புள்ளி வைத்து 24 மக் செய்தேன். சாயங்காலம் ஒட்டி, இரவே சூளையில் வைத்துவிட்டேன். மறுநாள் திறந்தபோது 9 மக்கில் கைப்பிடி ஓரமாக, பருப்பு அளவில் குழி. படம் கொப்பளித்து வெடித்து, உள்ளே வெள்ளைக் கிளேஸ் தெரிந்தது, நகத்தால் தடவினால் விளிம்பு வெட்டியது. ஸ்க்வீஜி சரியாகப் போகாத இடம் அந்தக் கைப்பிடி ஓரம்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு மக்கையும் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கிறேன். குமிழி இருந்தால் சிறு மேடாக நிழல் விழும். மெல்லிய ஊசியால் குத்தி, அங்கிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தள்ளிவிடலாம். அதற்கப்புறம் 24 மணி நேரம் காய வேண்டும். அவசர ஆர்டர் என்றாலும் இந்த ஒரு நாளைக் குறைக்காதீர்கள்.

மின்சாரச் சூளையில் மக்குகளை ஒன்றோடு ஒன்று தொடாமல் அடுக்குங்கள். படத்தின் மேல் இருக்கும் கவர்கோட் என்ற பிளாஸ்டிக் படலம் 500 டிகிரிக்குள் எரிந்து வெளியேற வேண்டும், அதனால் அதுவரை மணிக்கு 100 டிகிரி வீதம்தான் ஏற்ற வேண்டும். மூடியை ஒரு விரல் அளவு தூக்கி வையுங்கள், பார்க்கும் துளையும் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வரும், அது உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். வேகமாக ஏற்றினாலோ, காற்றில்லாமல் மூடி வைத்தாலோ படம் கொப்பளிக்கும், நிறமும் கெடும், முக்கியமாகச் சிவப்பு. 500 தாண்டியதும் மூடியை இறக்கிவிட்டு மணிக்கு 200 வரை ஏற்றலாம். ஸ்டோன்வேர், போர்சலின் மக்குக்கு 800 முதல் 830, கிளேஸ் போட்ட மண் பாண்டத்துக்கு 750 முதல் 800, உச்சியில் 10 நிமிடம் நிறுத்தினால் போதும். கண்ணாடி டம்ளர் என்றால் அதற்கென்று தனி டெக்கல், 600-க்குக் கீழேதான். டெக்கல் விற்பவர் எந்த டிகிரி சொல்கிறாரோ அதையே முதலில் பின்பற்றுங்கள். மொத்தம் 7 மணி நேரம் ஓடும் என்பதால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில் கரன்ட் போனால் பதற வேண்டாம், மூடியைத் திறக்காமல் விட்டு, வந்ததும் அங்கிருந்தே ஏற்றலாம்.

100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை திறக்கக் கூடாது. எடுத்ததும் படத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பளபளப்பு இல்லாமல் சாக்பீஸ் போல இருந்தால் சூடு பத்தவில்லை, 20 டிகிரி கூட்டி மறுபடி சுடலாம். நிறம் வெளிறியிருந்தால் சூடு கூடிவிட்டது, அதைத் திருப்ப வழியில்லை.

உணவு படும் உட்பக்கத்தில் டெக்கல் வேண்டாம், வாய் வைக்கும் விளிம்பிலிருந்தும் 2 செ.மீ. விட்டே ஒட்டுங்கள். காரீயம் கலக்காத டெக்கலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு மக்கை 24 மணி நேரம் வினிகரில் மூழ்க வைத்துப் பாருங்கள். நிறம் இறங்கினாலோ பளபளப்பு போனாலோ அந்த லாட்டை விற்காதீர்கள். வினிகரில் நன்றாக நின்றாலும் காரீயம் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும். தங்கக் கோடு போட்டிருந்தால் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று பெட்டி மேலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.