ஓசார்க்ஸ் காட்டுல முதல் மான் சீசன்: ஓக் கொட்டையில இருந்து ஆரம்பிங்க

நான் அமெரிக்காவுல மிசூரி மாநிலத்துல ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, அதுல அஞ்சு வருஷமா நவம்பர் வந்தா மான் வேட்டைக்கு போறேன். ஆஃபீஸ்ல நம்ம பசங்க "நாங்களும் வர்றோம், எந்த துப்பாக்கி வாங்கணும்?"னு கேட்டுட்டே இருக்காங்க. எல்லாரும் துப்பாக்கியில இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. எனக்கு சொல்லிக்குடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்பாக்கிய கையில குடுக்கவே மூணு மாசம் ஆச்சு, அதுக்கு முன்னாடி ஆகஸ்ட் வெயில்ல காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு மரத்தடியிலயும் என்னை குனிஞ்சு பாக்க வச்சாரு. அவர் சொல்லிக்குடுத்த வரிசையிலயே இங்க எழுதறேன், ஏன்னா அதுதான் சரியான வரிசைன்னு எனக்கு இப்ப புரியுது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் மானை சுட்டா ஜெயில்தான், அது அங்க ரொம்ப சரியான சட்டம். அதனால இங்க வேட்டைன்னு சொன்னதும் முகம் சுளிக்கிறவங்க இருக்காங்க, எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஸ்பிரிங்ஃபீல்டைச் சுத்தி இருக்கிற இந்த ஓசார்க்ஸ் மலைக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் மனசு மாறுச்சு. 1880-கள்ல ஆரம்பிச்சு 1920 வாக்குல வரைக்கும் இங்க இருந்த பைன் மரத்தையெல்லாம் வெட்டி ரயில்ல ஏத்திட்டாங்க, மிச்சம் இருந்த ஓக் மரத்தை தண்டவாளக் கட்டைக்கு வெட்டினாங்க, மாடும் பன்னியும் மேயறதுக்குன்னு வருஷா வருஷம் காட்டுக்கு தீ வச்சாங்க, மானை வருஷம் முழுக்க சுட்டு வித்தாங்க. 1925-ல கணக்கெடுத்தப்ப மிசூரி முழுக்க 400 மான்கூட இல்ல. 1936-ல மக்களே ஓட்டு போட்டு, அரசியல்வாதி கை வைக்க முடியாதபடி மாநில அரசியலமைப்புலயே ஒரு கமிஷனை கொண்டுவந்தாங்க, அதுதான் இப்ப எல்லாரும் எம்டிசின்னு சொல்ற வனப் பாதுகாப்புத் துறை. கொஞ்ச வருஷம் வேட்டைய முழுசா மூடி வச்சிட்டு 1944-ல திரும்ப திறந்தாங்க, அதுவும் ஆண் மான் மட்டும். இன்னைக்கு வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல மான் சுட்டும் காட்டுல மான் குறையல. காசு எங்க இருந்து வருதுன்னா வேட்டை பர்மிட்ல இருந்து, ரைஃபிள், தோட்டா மேல போடற, 1937 சட்டப்படி வனவிலங்குக்குன்னு ஒதுக்கற 11 சதவீத மத்திய வரியில இருந்து, அப்புறம் 1976-ல மக்கள் ஒத்துக்கிட்ட விற்பனை வரியில இருந்து. எட்டு டாலருக்கு பொருள் வாங்கினா அதுல ஒரு சென்ட் காட்டுக்கு. வேட்டைக்கே போகாதவங்களும் குடுக்கிறாங்க. மானை அடிச்சு சாப்பிட்ட ஓநாய்கள் இந்த மலையில இப்ப இல்ல, மான் அளவுக்கு மேல பெருகினா ஓக் கன்னுகளை முளையிலயே தின்னு தீத்திடும், அப்புறம் காடே இருக்காது. இதை மனசுல வச்சுக்கிட்டுதான் கீழ இருக்கிற ஒவ்வொரு விதியையும் நான் மதிக்கிறேன்.

முதல் படி: பேப்பர் வேலை, ஜூலையிலயே

1967 ஜனவரி 1 அன்னைக்கோ அதுக்கப்புறமோ பிறந்திருந்தா ஹன்டர் எஜுகேஷன் சர்டிஃபிகேட் வேணும். 16 வயசுக்கு மேல இருந்தா முழுசா ஆன்லைன்லயே முடிக்கலாம், ரெண்டு மூணு சாயங்காலம் உக்காந்தா போதும். தயவு செஞ்சு வேகமா கிளிக் பண்ணி தாண்டிப் போகாதீங்க, துப்பாக்கியோட வேலி தாண்டறது எப்படி, மரத்துல ஏறும்போது தோட்டா இருக்கக்கூடாதுன்னு எல்லாம் அதுலதான் வருது. அப்புறம் மான் பர்மிட். எம்டிசி ஒவ்வொரு வருஷமும் மான் சீசனுக்குன்னு ஒரு புக்லெட் இலவசமா தர்றாங்க, எந்த கவுன்ட்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) என்ன விதின்னு எல்லாம் அதுல இருக்கும், போன வருஷ புக்லெட்ட நம்பாதீங்க ஏன்னா விதி மாறும்.

எச்-1பி மாதிரி வேலை விசாவுல இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. குடியேற்றம் இல்லாத விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதை மத்திய சட்டம் தடுக்குது, அதுல இருக்கிற விதிவிலக்குல ஒண்ணு செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ். அதாவது லைசென்ஸ் கையில வர்றதுக்கு முன்னாடி நண்பனோட ரைஃபிளை ரேஞ்சுல (சுட்டுப் பழகற இடம்) எடுத்துப் பாக்கறதுகூட சிக்கல். நான் வக்கீல் இல்ல, உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, கிரீன் கார்டு வரிசையில நிக்கிறப்ப இதுல தப்பு பண்ணக்கூடாது.

ரெண்டாவது படி: மரத்தை படிங்க

இதுதான் முக்கியமான படி, இதுக்கு நேரம் குடுங்க. மார்க் ட்வெய்ன் தேசிய வனம் மட்டுமே 15 லட்சம் ஏக்கர், எல்லாருக்கும் திறந்தது, அவ்வளவு பெரிய காட்டுல மான் எங்க இருக்கும்? தீனி இருக்கிற இடத்துல இருக்கும். இங்க தீனின்னா ஓக் கொட்டை.

ஓக்ல ரெண்டு குடும்பம் இருக்கு. இலையோட ஓரம் வட்ட வட்டமா விரல் மாதிரி இருந்தா அது ஒயிட் ஓக். ஓரம் கூர்மையா, நுனியில முடி மாதிரி முள் நீட்டிட்டு இருந்தா அது ரெட் ஓக் குடும்பம், பிளாக் ஓக்கும் அதுல சேத்திதான். ஒயிட் ஓக் கொட்டையில துவர்ப்பு கம்மி, மானுக்கு அதுதான் முதல் பந்தி. ஆனா அது செப்டம்பர் அக்டோபர்லயே விழுந்து, விழுந்த சீசன்லயே முளைக்க ஆரம்பிச்சுடும், மான் வான்கோழி அணில் எல்லாம் சேந்து சீக்கிரம் காலி பண்ணிடும். ரெட் ஓக் கொட்டை துவர்ப்பா இருக்கறதால கீழ கிடந்து குளிர்காலம் வரைக்கும் தாங்கும். துப்பாக்கி சீசன் நவம்பர் நடுவுல. அதனால அக்டோபர்ல ஒயிட் ஓக் அடியில மான் தடத்தை பாத்துட்டு அங்கயே இடம் பிடிச்சீங்கன்னா நவம்பர்ல அங்க ஒண்ணும் இருக்காது. என் முதல் வருஷம் அப்படித்தான் போச்சு, நாலு நாள் வெறும் அணில் பாத்துட்டு வந்தேன். பெரியவர் வந்து பாத்துட்டு அடுத்த சரிவுல நின்ன பிளாக் ஓக்கை காட்டினாரு, அடியில இலையெல்லாம் கிளறிக் கிடந்துச்சு, புழுக்கை பளபளன்னு புதுசா இருந்துச்சு.

இலை கிளறினதுல ஒரு வித்தியாசம் பாக்கணும். மான் லேசா கிளறும். வான்கோழி ஒரு பக்கமா இலையை தள்ளி மண்ணை காட்டும். உழுதுபோட்ட வயல் மாதிரி மண்ணே புரண்டு கிடந்தா அது காட்டுப்பன்னி. பன்னி இந்த மண்ணோட மிருகம் இல்ல, கொட்டையையும் தின்னுட்டு ஓடைக்கரையையும் நாசம் பண்ணும். பாத்தா சுடணும்னுதான் கை துடிக்கும், எம்டிசி நிலத்துல அதுக்கு தடை இருக்கு, காரணமும் நியாயமானது. ஒண்ண சுட்டா மத்ததெல்லாம் சிதறி நாலு பள்ளத்தாக்கு தாண்டி புது இடத்துல குட்டி போடும், பொறி வச்சு கூட்டத்தையே மொத்தமா பிடிச்சாதான் தீரும். இடத்தை குறிச்சு துறைக்கு சொல்லிடுங்க.

சோளம் கொட்டி மானை வரவழைக்கறது மிசூரியில குத்தம். மரம் போட்ட தீனிய தேடிக் கண்டுபிடிக்கறதுதான் வேட்டை.

ஆகஸ்ட்ல காட்டுக்குள்ள போறப்ப உண்ணி. இதை லேசா எடுத்துக்காதீங்க. முதுகுல வெள்ளைப் புள்ளி இருக்கிற லோன் ஸ்டார் உண்ணி இங்க ஏராளம், அது கடிச்சு சிலருக்கு ஆல்ஃபா-கால்னு ஒரு அலர்ஜி வருது, அதுக்கப்புறம் ஆடு மாடு மான் எந்தக் கறி சாப்பிட்டாலும் சில மணி நேரம் கழிச்சு உடம்பு தடிச்சு மூச்சு வாங்கும். எங்ககூட வர்ற ஒருத்தருக்கு வந்திருக்கு, சுடற மானை அவர் வீட்ல சாப்பிடுறாங்க, அவர் சாப்பிட முடியாது. பெர்மெத்ரின்னு உண்ணிய கொல்ற ஸ்பிரேய முந்தின நாளே துணியில அடிச்சு காயவைங்க, தோல் மேல அடிக்கக்கூடாது, பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகுங்க, வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க பாருங்க.

மூணாவது படி: காத்து

மானோட மூக்குக்கு முன்னாடி உங்க மறைப்பு டிரஸ்ஸெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஓசார்க்ஸ் முழுக்க மேடும் பள்ளமும், இங்கத்த ஆளுங்க பள்ளத்தை ஹாலர்னு சொல்வாங்க. வெயில் ஏற ஏற காத்து சரிவுல மேல ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் தண்ணி மாதிரி கீழ இறங்கி ஹாலருக்குள்ள தேங்கும். அதனால காலையில மான் வர்ற வழிக்கு மேல உக்காருங்க, சாயங்காலம் கீழ்ப்பக்கம் போங்க. ஒரு சின்ன டப்பாவுல முகத்துக்கு போடற பவுடர் கொண்டுபோயி அப்பப்ப ஊதிப் பாத்தீங்கன்னா அது எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

நாலாவது படி: இப்பதான் துப்பாக்கி

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு .243 அளவு தோட்டா போடற ரைஃபிள் போதும், தோள்ல இடி கம்மி, பயப்படாம சுடலாம். .22 ரிம்ஃபயர்ல (தோட்டாவோட அடியில ஓரத்துல தட்டி வெடிக்கிற வகை) மான் சுடக்கூடாது, சென்டர்ஃபயரா (நடுவுல தட்டி வெடிக்கிற வகை) இருக்கணும், விரியற தோட்டாவா இருக்கணும், அது சட்டம். காப்பர் தோட்டா கிடைச்சா வாங்குங்க, ஈயத் துணுக்கு கறியிலயும் வராது, காட்டுல விட்டுட்டு வர்ற குடலை தின்ன வர்ற கழுகு வயித்துக்கும் போகாது. ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் ஆண்டி டால்டன் ரேஞ்ச் எம்டிசியோடது, அங்க போயி 100 கஜத்துல உங்க மூணு தோட்டாவும் ஒரு சின்ன தட்டு அளவுக்குள்ள விழற வரைக்கும் பழகுங்க. மேஜை மேல வச்சு மட்டும் சுடாம, மரத்துல சாஞ்சு உக்காந்தும் சுட்டுப் பாருங்க, காட்டுல மேஜை கிடையாது.

அஞ்சாவது படி: அந்த காலை

துப்பாக்கி சீசன்ல ஆரஞ்ச் தொப்பியும் ஆரஞ்ச் வெஸ்டும் கட்டாயம், நாலு பக்கமும் தெரியணும். மரத்துல ஸ்டாண்ட் (உக்காரற மேடை) போட்டு ஏறினா தரையில இருந்தே சேஃப்டி பெல்ட் மாட்டிக்கணும், துப்பாக்கிய தோட்டா இல்லாம கயித்துல மேல இழுத்துக்கணும். முதல் வருஷம் ஸ்டாண்டே வேணாம், அகலமான ஓக் மரத்துல முதுகை சாச்சு உக்காருங்க. தேசிய வனத்துல வீட்டுக்கும் முகாமுக்கும் 150 கஜத்துக்குள்ள சுடக்கூடாது, ரோட்டுக்கு குறுக்க சுடவே கூடாது. போற இடத்தை வீட்ல சொல்லிட்டுப் போங்க, பல ஹாலர்ல சிக்னல் இருக்காது.

சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி இருந்து மறைஞ்சு அரை மணி நேரம் வரைக்கும்தான் சுடலாம். அதுக்கும் ஒரு மணி நேரம் முன்னாடியே போயி உக்காந்துடுங்க. அந்த நவம்பர் வாரம் ஆண் மான் பெண் மான தேடி பகல் முழுக்க அலையற நேரம், அதனால பத்து மணிக்கு குளிருதுன்னு எழுந்து போகாதீங்க, என் முதல் மான் பதினொன்றரை மணிக்கு வந்துச்சு.

மான் பக்கவாட்டுல நிக்கணும், முன்னங்கால் தோளுக்கு கொஞ்சம் பின்னாடி, உடம்போட நடுவுக்கு சத்த கீழ, அங்க நுரையீரலும் இதயமும் இருக்கு. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியலன்னா சுடாதீங்க. சந்தேகமா இருந்தா சுடாதீங்க. நான் அப்படி விட்ட மான் நிறைய, ஒண்ணுக்கும் வருத்தமில்ல.

ஆறாவது படி: சுட்டதுக்கு அப்புறம்

எழுந்து ஓடாதீங்க. மான் நின்ன இடத்தையும் கடைசியா தெரிஞ்ச இடத்தையும் மனசுல குறிச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காருங்க. அப்புறம் ரத்தத்தை பாருங்க. இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், பக்கத்துலயே கிடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல், இன்னும் சில மணி நேரம் காத்திருக்கணும். பச்சையா நாத்தத்தோட இருந்தா குடல்ல பட்டிருக்கு, அன்னைக்கு பொழுதுல பாதி காத்திருந்துதான் தேடணும், ஆனா தேடியே ஆகணும், உயிரை எடுத்துட்டு பாதியில விட்டுட்டு வர்றது மன்னிக்க முடியாதது.

கிடைச்சதும் முதல் வேலை பர்மிட்ல இருக்கிற அன்னைக்கு மாசத்தையும் தேதியையும் வெட்டி அடையாளம் பண்றது, போட்டோ அப்புறம். அன்னைக்கு ராத்திரி 10 மணிக்குள்ள எம்டிசியோட டெலிசெக்ல அந்த மானை பதிவு பண்ணணும், போன்லயே முடியும். வயித்தை திறக்கறப்ப கத்திய மேல்நோக்கி பிடிச்சு தோலை மட்டும் கீறுங்க, குடலும் மூத்திரப்பையும் கிழியக்கூடாது, கறி சீக்கிரம் ஆறினாதான் நல்லா இருக்கும். கையுறை போடுங்க.

சிடபிள்யூடின்னு மானுக்கு மூளைய அரிக்கிற நோய் ஒண்ணு இருக்கு, மிசூரியில காட்டு மான்ல 2012-ல கண்டுபிடிச்சாங்க. வேகவச்சாலும் அந்தக் கிருமிப் புரதம் அழியாது. மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் இல்ல, ஆனாலும் நோய் இருக்கிற மானை சாப்பிட வேணாம்னுதான் சொல்றாங்க. சில கவுன்ட்டியில சீசனோட முதல் வார இறுதியில தலையை கொண்டுபோயி சாம்பிள் குடுக்கறது கட்டாயம்னு விதி வரும், மத்த நாள்ல விருப்பம், டெஸ்ட் இலவசம், நான் எப்பவும் குடுப்பேன். மூளை, முதுகுத்தண்டு பக்கம் கத்தி படாம எலும்பை விட்டு கறிய தனியா எடுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல பேர் எழுதி வைங்க.

மான் கறியில கொழுப்பு கம்மி, ஆட்டுக்கறி மாதிரி நெனச்சு வறுத்தா செருப்பு மாதிரி ஆயிடும். தொடைக்கறிய குக்கர்ல சின்ன வெங்காயம் போட்டு வேகவச்சு, நல்லெண்ணெயில மிளகு சீரகம் தட்டிப்போட்டு பெரட்டினா எங்க வீட்ல தட்டுல ஒண்ணும் மிஞ்சறதில்ல. கறி அதிகமா இருந்தா ஷேர் த ஹார்வெஸ்ட்னு ஒரு திட்டம் இருக்கு, அதுல சேந்த கறிக்கடையில குடுத்தா இல்லாதவங்க சமையலுக்குப் போகும்.

ஏழாவது படி: ஏப்ரல்ல

இதை யாரும் பண்றதில்ல, பெரியவர் மட்டும் பண்ணுவாரு, இப்ப நானும். ஏப்ரல் கடைசியில ஓக் மரம் பூ விடற நேரத்துல நீங்க உக்காந்த சரிவுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. பூ வந்தப்புறம் உறைபனி விழுந்திருந்தா தேதிய நோட்ல எழுதி வைங்க. ஒயிட் ஓக் கொட்டை அதே வருஷம் பழுக்கும், அதனால அந்த நவம்பருக்குள்ளயே காய்ப்பு இருக்காது. ரெட் ஓக்குக்கு ரெண்டு வருஷம் ஆகும், அந்தப் பனியோட அடி அடுத்த வருஷ சீசன்லதான் தெரியும், அந்த வருஷம் வேற சரிவு தேடணும்.