அலையைப் பார்த்து டர்புலன்ஸ் என்று எழுதாதீர்கள்

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், நீவாடு (கடல் நீரோட்டம்) தூண்களைச் சுற்றிச் சுழித்து ஓடுவது தெரியும். தூணுக்குப் பின்னால் நீர் மந்தம், பக்கத்தில் வேகம். இப்படி அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் போவதுதான் ஷியர் ஓட்டம். தூணை நோக்கி வரும் நீரே கலங்கியிருந்தால் அது வெளி டர்புலன்ஸ் (டர்புலன்ஸ் என்றால் ஒழுங்கில்லாத சுழிகளாகக் கலங்கி ஓடுவது). இரண்டும் சேரும் இடத்தில்தான் நீர், காற்று ஓட்டங்களைப் படிக்கும் மாணவர்கள் வழுக்குகிறார்கள்.

முதலில், அலை வேறு, டர்புலன்ஸ் வேறு. ராமேஸ்வரத்தில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆண்கடலில் அலை பெரிது என்பதாலேயே டர்புலன்ஸும் அதிகம் என்று ஆகிவிடாது. உடையாத அலை நீரைச் சுற்றிக் கொண்டுவந்து ஏறக்குறைய பழைய இடத்திலேயே விடுகிறது. கலப்பது சுழிகளின் வேலை.

அடுத்தது பெரிய தவறு. 'ரெனால்ட்ஸ் எண் 5 லட்சத்தைத் தாண்டினால் தகட்டின் மேல் ஓட்டம் டர்புலண்ட்' என்று மனப்பாடம் செய்வது (ரெனால்ட்ஸ் எண் என்பது ஓட்டத்தின் வேகம், நீளம், பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் எண்). வருகிற காற்று எவ்வளவு அமைதி என்பதைப் பொறுத்தது அது. மிக அமைதியான காற்றுச் சுரங்கத்தில் (சோதனைக்காகக் காற்றை ஓடவிடும் கூண்டு) 28 லட்சம் வரைகூடச் சீராக ஓடியிருக்கிறது.

ஐஃபெல் (ஆமாம், கோபுரம் கட்டியவரேதான்) 1912 வாக்கில் உருண்டையின் மேல் காற்றின் இழுவையை அளந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த மதிப்பில் பாதிகூட வரவில்லை. 1914இல் கோட்டிங்கன் விஞ்ஞானி பிராண்டல் உருண்டையில் மெல்லிய கம்பி வளையம் மாட்டிக் காரணத்தைக் காட்டினார். மேற்பரப்பை ஒட்டிய படலம் டர்புலண்ட் ஆனால் பின்பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே போகிறது, பின்னால் மந்தப் பகுதி சுருங்குகிறது, இழுவை குறைகிறது. கலக்கம் கூடினால் இழுவையும் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். பிற்பாடு சுரங்கத்துக் காற்றின் கலக்கத்தை அளக்கவே உருண்டையைப் பயன்படுத்தினார்கள்.

அப்புறம், '5 சதவீத டர்புலன்ஸ்', அதாவது வேகத்தின் ஏற்ற இறக்கம் சராசரி வேகத்தில் 5 சதவீதம், என்று எழுதி நிறுத்திவிடுவது. சுழியின் அளவு எங்கே? தூணைவிடப் பல மடங்கு பெரிய சுழி வந்தால், தூணுக்கு அது நீவாடு மெல்லத் திசை மாறியது போலத்தான்.

சரி, கடலுக்குள் குழாயிலிருந்து ஒரு தாரை பாய்கிறது. சுற்றிலும் கலக்கம் இருந்தால் தாரை சுற்று நீரை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. சோதனைத் தொட்டிகளில் கண்டது நேர்மாறு. வெளிக் கலக்கம் வலுத்தால் தாரையின் சொந்தச் சுழிகள் குலைகின்றன. வேகம் சீக்கிரம் விழுகிறது, சுற்று நீரை இழுப்பதும் குறைகிறது. தாரை உடைந்த பிறகு அதைச் சிதறடிப்பவை வெளிச் சுழிகள் மட்டுமே. தாரைக்கான சமன்பாட்டை அந்த இடத்துக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.