சீக்கோ பட்டியலில் காணாமல் போன பூஜ்யம்

பழைய சீக்கோ வாட்ச்களை எக்செலில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். பின்மூடியில் உள்ள சீரியல் எண்ணை அடித்தால், ஒரு சூத்திரம் தயாரான மாதத்தைக் கணக்கிட்டுக் காட்டும். சித்தப்பா 1981-ல் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த 7009 (மெஷின் எண்) வாட்சுக்கு மட்டும் 1983 ஜனவரி என்று காட்டியது. ரசீது கையில் இருக்கிறது, அப்புறம் எப்படி?

பின்மூடி மாறியிருக்குமோ என்று கோட்டாறில் வாட்ச் ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் கொடுத்துத் திறந்து பார்த்தேன். பின்மூடியில் இருப்பதுபோலவே உள்ளே மெஷினிலும் 7009தான். தேதி கணக்கிடும் சூத்திரத்தை மாற்றி எழுதியும் பலனில்லை.

சீரியலின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி' என்ற ஆங்கில எழுத்து வரும். எழுத்து கலந்த சீரியல்கள் கட்டத்தின் இடது ஓரத்தில் நின்றன, மற்றவை வலது ஓரத்தில். அதில்தான் பிடி கிடைத்தது. வலது ஓரத்தில் இருந்தவற்றை எக்செல் வெறும் எண்ணாக எடுத்து, முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கியிருக்கிறது. 031452 என்பது 31452 ஆனதால், 1980 மார்ச் போய் 1983 ஜனவரி வந்துவிட்டது.

சீரியல் நெடுவரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' ஆக மாற்றினேன். மாற்றினால் மட்டும் போன பூஜ்யம் திரும்பாது. ஐந்து இலக்கமாக நின்றவற்றை பின்மூடியைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். எந்தப் பத்தாண்டு என்பது சீரியலில் தெரியாது, அதனால் ரசீது ஆண்டுக்குத் தனி நெடுவரிசை சேர்த்திருக்கிறேன். இப்போது எல்லாம் சரி, பெரிய நிம்மதி.