மரக் கோஸ்டரில் முதல் பயணம்: உடம்பு நோகாமல் இரண்டாம் முறையும் ஏறுவது எப்படி?

மரக் கோஸ்டரிலிருந்து (மரப் பாதையில் ஓடும் ரோலர் கோஸ்டர்) முதல்முறை இறங்கி வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "இன்னொரு தடவை போலாமா?" அல்லது "ஐயோ, என் கழுத்து!" வண்டி ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இப்படி வேறு வேறாகப் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

எனக்கும் இரண்டுமே நடந்திருக்கிறது. முதல்முறை ஆர்வக்கோளாறில் ஓடிப்போய்க் கடைசி வரிசையைப் பிடித்தேன். தலையை இருக்கையோடு அழுத்தி, உடம்பை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று இரவு வரை மண்டை விண்விண்ணென்று தெறித்தது. இனி மரக் கோஸ்டர் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த ஆண்டு நண்பர் ஒருவர் வற்புறுத்தி அதே கோஸ்டரில் நடுப்பெட்டியில் உட்காரவைத்தார். அன்று நான்கு முறை ஏறினேன். கோஸ்டர் மாறவில்லை, நான் உட்கார்ந்த விதம்தான் மாறியிருந்தது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுத் தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்தக் குறிப்புகள் எதுவும் பொருந்தாது. அவர்கள் ஏறவே கூடாது.

படி 1: வேகம் வேறு, உதறல் வேறு

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மரக் கோஸ்டர் உடம்புக்குத் தருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று விசை: பள்ளத்தில் இருக்கையோடு அழுத்துவது, மேட்டு உச்சியில் இருக்கையை விட்டுத் தூக்குவது, வளைவில் பக்கவாட்டில் தள்ளுவது. இது வடிவமைத்தவர் திட்டமிட்டு வைத்தது. இன்னொன்று உதறல்: சக்கரம் பாதையில் தடதடவென்று அடிப்பதால் பல்லும் முதுகும் அதிர்வது. ஓரளவு உதறல் மரத்துக்கே உரியது, அதுதான் அதன் அழகும்கூட. அளவு மீறினால் அது பராமரிப்பின் குறை.

ஏன் அதிருகிறது? பாதையை ஓரிடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பலகைகள் ஏழெட்டு அடுக்காக ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஆணியும் போல்ட்டும் அடித்து இறுக்கியிருப்பது தெரியும். மேல் அடுக்குகள் உள்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் ஓடும் இடங்களில் மட்டும் தட்டையான எஃகுப் பட்டை பதித்திருப்பார்கள். அந்தப் பட்டைக்குக் கீழே இருப்பதெல்லாம் மரம். வெயிலில் உலரும், மழையில் ஊறும், வண்டியின் எடையில் நசுங்கும். எடை அதிகமாக விழும் பள்ளங்களின் அடியில் பலகை சீக்கிரம் தளர்ந்து குழி விழுகிறது. அதனால்தான் தச்சர்கள் தினமும் காலையில் பாதை மீதே நடந்து சோதிக்கிறார்கள், குளிர்காலத்தில் தேய்ந்த பகுதிகளைப் பிரித்துப் புதுப் பலகை போடுகிறார்கள்.

விசையும் உதறலும் வேறு வேறு என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று. கனடாவின் கிரிஸ்டல் பீச்சில் 1927-இல் திறந்த சைக்ளோன், பயணிகளைத் திணறடிப்பதற்குப் பேர்போனது. ஏறி இறங்கும் மேடையிலேயே செவிலியர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். 1946-இல் மூடிவிட்டார்கள். அதன் எஃகுச் சட்டங்களில் ஒரு பகுதியை எடுத்து, வேறு பாதை அமைத்து, 1948-இல் அதே இடத்தில் காமெட் என்ற கோஸ்டரைக் கட்டினார்கள். பிறகு அது நியூயார்க் மாநிலத்துக்கு இடம் மாறி, 1994-இல் கிரேட் எஸ்கேப் பூங்காவில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பழைய எஃகுதான், ஆனால் மேடு பள்ளங்களின் வடிவம் மாறியதும் அது திரும்பத் திரும்ப ஏறத் தூண்டும் வண்டியாகிவிட்டது. (சட்டம் எஃகு என்றால் எப்படி மரக் கோஸ்டர் என்று கேட்பீர்கள். தாங்கும் சட்டத்தை வைத்து அல்ல, ஓடும் பாதையை வைத்துத்தான் அந்தப் பெயர்.)

உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நோபெல்ஸ் பூங்காவின் ஃபீனிக்ஸ் 78 அடிதான். 1947-இல் சான் அன்டோனியோவில் கட்டி, பிரித்தெடுத்து, 1985-இல் மறுபடி நிறுத்தியது. 2018-இல் சிறந்த மரக் கோஸ்டருக்காகக் கேளிக்கைப் பூங்காத் துறையில் தரப்படும் கோல்டன் டிக்கெட் விருதை வென்றது அதுதான். இன்னொரு பக்கம், ஓஹியோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2000-இல் திறந்த சன் ஆஃப் பீஸ்ட் 218 அடி. உலகிலேயே உயரமான மரக் கோஸ்டராக இருந்தும் 2009-இல் நின்றுபோனது, 2012-இல் இடித்தே விட்டார்கள். புதிதாக ஏறுபவர் தேட வேண்டியது ஃபீனிக்ஸ் மாதிரியான ஒன்றை.

படி 2: வரிசையில் நிற்கும் முன் பத்து நிமிடம் பாருங்கள்

முதல் இறக்கத்தின் அடிப்பகுதி தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். வண்டி பள்ளத்தைக் கடக்கும்போது பயணிகளின் தலையைக் கவனியுங்கள். எல்லாத் தலையும் ஒன்றாக அமுங்கி ஒன்றாக எழுந்தால் அது விசை. தலைகள் இடவலமாகப் படபடவென்று ஆடினால் அது உதறல். சத்தத்தையும் கேளுங்கள். மரம் உறுமுவது இயல்பு. ஒவ்வொரு வண்டியும் ஒரே இடத்தில் மட்டும் 'டப்' என்று இடித்தால், அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே உடம்பைத் தயாராக வைத்திருக்கலாம்.

வண்டி போகும்போது மரச்சட்டம் லேசாக ஆடும். பயப்பட வேண்டாம், ஆடிக்கொடுக்கும்படிதான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

வளைவுகள் எந்தப் பக்கம் அதிகம் என்றும் பாருங்கள். தடுப்பில்லாத நீள இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தால், இடப்பக்க வளைவில் இருவருமே வலப்பக்கம் சறுக்குவார்கள். பெரும்பாலும் இடப்பக்கமே திரும்பும் பாதை என்றால், கனமானவர் வலப்பக்கம் உட்காருவதே நல்லது. இல்லையென்றால் பயணம் முழுக்க ஒல்லியானவர் நசுங்கிக்கொண்டே வருவார்.

படி 3: இருக்கையைத் தேர்ந்தெடுப்பது

எந்த இருக்கை என்பதுதான் பாதிக் கதை. பழைய பாணி வண்டியில் ஒரு பெட்டிக்கு மூன்று வரிசை இருக்கும். முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் சக்கர அச்சுக்கு நேர் மேலே வரும், சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் நேராக முதுகுக்கு வரும். நடு வரிசை இரண்டு அச்சுக்கும் இடையில் இருப்பதால் அடி பாதியாகக் குறையும். முதல் பயணத்துக்கு வண்டியின் நடுப்பகுதியில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியில் நடு வரிசை. இதை மட்டும் கடைப்பிடித்தாலே போதும்.

பெட்டிக்கு ஒரே ஒரு வரிசை உள்ள வண்டிகளும் உண்டு. மரக் கோஸ்டர் கட்டும் ஜிசிஐ நிறுவனத்தின் மில்லேனியம் ஃப்ளையர் அப்படிப்பட்டது. ரயில்பூச்சி மாதிரி கணுக்கணுவாக வளைந்து போவதால் திருப்பங்களில் இடிக்காது. அதில் எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, முன்பகுதி இன்னும் மென்மை. பலகைகளைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி, துல்லியமாக அறுத்துக் கொண்டுவந்து பொருத்தும் பாதைகளும் வந்துவிட்டன. ஸ்வீடனில் லிசெபெரி பூங்காவின் பால்டர் (2003), தென்கொரியாவில் எவர்லேண்டின் டி எக்ஸ்பிரஸ் (2008) இரண்டும் அந்த வகை. டி எக்ஸ்பிரஸ் 56 மீட்டர் உயரத்திலிருந்து 77 டிகிரிச் சரிவில் விழுகிறது. விசை கடுமை, பாதையோ வழவழப்பு.

முன்வரிசையா, கடைசி வரிசையா? முன்வரிசை உச்சியைத் தாண்டி மெதுவாக எட்டிப் பார்க்கும், காற்றும் காட்சியும் அதற்குத்தான். கடைசி வரிசை உச்சிக்கு வருவதற்குள் முன்பெட்டிகள் விழ ஆரம்பித்திருக்கும், அதனால் உங்களைச் சுண்டி இழுத்துக்கொண்டு போகும். கடுமை வேண்டும் என்பவர்கள் தேடுவது அதைத்தான். அது உங்களுக்கு நான்காவது பயணத்தில் கிடைக்கட்டும்.

படி 4: லேப் பார்

இடுப்பு இருக்கையின் பின்பக்கத்தைத் தொடும்வரை தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே லேப் பாரை, அதாவது தொடைக்கு மேல் இறங்கிப் பிடிக்கும் கம்பியை, இறக்குங்கள். சரிந்து உட்கார்ந்து இறக்கினால், முதல் பள்ளத்தில் உடம்பு அமுங்கும்போது பார் இன்னும் இரண்டு பல் கீழே இறங்கித் தொடையைக் கவ்வும். பிறகு கடைசிவரை வலிதான். ஊழியர் வந்து அழுத்திச் சரிபார்ப்பதைத் தடுக்காதீர்கள். கண்ணாடி, தொப்பி, கைபேசி எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும்.

படி 5: வண்டி ஓடும்போது உடம்பு

மேலே இழுக்கும் சங்கிலியோடு ஒரு 'சட் சட்' சத்தம் வரும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் கொக்கி, பாதையோரத்துப் பல்வரிசையில் ஒவ்வொன்றாக விழும் ஓசை அது. அதைக் கேட்டுக்கொண்டே மூச்சை நிதானமாக்குங்கள். அந்த நேரத்தில் ஐந்து விஷயங்களைச் சரிசெய்துகொள்ளலாம்.

பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். தலையும் மேல்முதுகும் இருக்கையைத் தொடாமல் ஒரு விரற்கடை முன்னால் இருக்க வேண்டும். இதுதான் மிக முக்கியம். தலையைச் சாய்த்து வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்போம், ஆனால் இருக்கையின் அதிர்வு முழுதும் மண்டைக்குள் போவது அப்படித்தான். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். நீட்டிய கை அடியைத் தோளுக்குக் கடத்தும், மடங்கிய கை வாங்கிக்கொள்ளும். பற்கள் லேசாகச் சேர்ந்திருக்கட்டும், நாக்கு உள்ளேயே இருக்கட்டும். வயிற்றுத் தசையை மட்டும் கொஞ்சம் இறுக்கிவைத்து, மற்றதைத் தளரவிடுங்கள்.

இறக்கத்தில் கத்துங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கத்தும்போது மூச்சு வெளியேறுகிறது, மூச்சடக்கி விறைத்துப்போகாமல் இருப்பீர்கள். பள்ளத்தின் அடியை நெருங்கும்போது வயிற்றை இறுக்குங்கள், அங்கே உங்கள் எடை இரண்டு மூன்று மடங்காகத் தோன்றும். வளைவு வந்தால் பார்வை எப்போதும் அந்த வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். அடுத்து எங்கே போகிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் கழுத்து தானாகவே தயாராகிவிடும், தலைசுற்றலும் குறையும்.

பிறகு அந்த மேடு வரும். உச்சியில் இருக்கை உங்களை விட்டு விலகும், அடிவயிறு ஜில்லென்று கூசும், தொடை லேப் பாரில் முட்டும். ரசிகர்கள் இதை ஏர்டைம் என்பார்கள். இங்கே பாரை எதிர்த்துப் போராடாதீர்கள், எழும்பவிடுங்கள். நீங்கள்தான் எழும்புகிறீர்கள், வண்டி எழும்பாது. பாதைக்கு அடியிலும் சக்கரம் வைத்துப் பிடிக்கும் முறைக்குக் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய கோஸ்டர்கள் எப்படி இருந்தன என்று பார்க்க விரும்பினால், 1902-இல் கட்டிய லீப் தி டிப்ஸ் பென்சில்வேனியாவில் இன்னும் நிற்கிறது. அடிச்சக்கரம் இல்லாததால் அதன் மேடுகள் சாதுவானவை. மில்லரின் சக்கரம் வந்த பிறகுதான் 1927-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் திறந்த இன்னொரு சைக்ளோன் போல 85 அடியிலிருந்து கடும் சரிவில் விழ முடிந்தது.

படி 6: இறங்கியதும் ஒரு கணக்கு

உடனே வரிசைக்கு ஓடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், இருபது நிமிடம் நடங்கள். கழுத்தை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கால் நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். தலைவலி, குமட்டல், கழுத்தில் குத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்தக் கோஸ்டர் போதும். கை கால் மரத்துப்போனால் அல்லது பார்வை மங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்றும் இல்லையென்றால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். நினைவில் நிற்பது எந்த மேடு, எந்த வளைவு என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தக் கோஸ்டர் உங்களுக்கு மறுபடி ஏறத் தகுந்தது. மொத்தமும் ஒரே தடதடப்பாக மட்டும் நினைவிருந்தால், வேறு இருக்கையில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 7: அடுத்த பயணங்கள்

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவது பயணம் அதே இருக்கையிலேயே இருக்கட்டும். பாதை தெரிந்துவிட்டதால் உடம்பு அடிக்கு முன்பே தயாராகும், பலருக்கு முதல் பயணத்தைவிட இரண்டாவது இனிமையாக இருப்பது இதனால்தான். மூன்றாவதில் முன்வரிசை. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒரு மணி நேரம் பொறுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள்.

நேரமும் முக்கியம். காலையில் சக்கரத்தின் கிரீஸ் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால் வண்டி கொஞ்சம் சோம்பலாக ஓடும், புதியவர்களுக்கு ஏற்ற வேளை அது. நாள் முழுக்க ஓடிச் சூடேறிய பிறகு அதே வண்டி மாலையில் கூடுதல் வேகத்தோடு மேடுகளைத் தாண்டும். கிங்ஸ் ஐலண்டில் 1979 முதல் ஓடும் தி பீஸ்ட் 7,300 அடிக்கும் மேல் நீளமுள்ளது, காட்டுக்குள் நான்கு நிமிடத்துக்கு மேல் போகிறது. அதில் இரவில் ஏற வேண்டும் என்று ரசிகர்கள் பிடிவாதமாக நிற்பதற்கு இருட்டோடு இந்தச் சூடும் ஒரு காரணம்.

காலையில் நடு வரிசையில் இரண்டு முறை, மதியம் முன்வரிசையில் ஒரு முறை என்று போய், கழுத்து இன்னும் லேசாக இருந்தால், விளக்கு போட்ட பிறகு மறுபடி வரிசைக்கு வாருங்கள். கடைசி வரிசையை அப்போது கேளுங்கள்.