கூட்ஸ் வண்டியும் இரும்பு பீரோவும்

வில்லிவாக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் வீடு. மின்சார ரயில் சீக்கிரமே பழகிவிட்டது. நள்ளிரவுக்கு மேல் வரும் கூட்ஸ் வண்டிதான் தினமும் தூக்கிவாரிப்போட்டு எழுப்பியது.

முதலில் காதில் பஞ்சு, அப்புறம் கனமான திரைச்சீலை. ஹாரன் கொஞ்சம் அடங்கியது. அடியில் வரும் அந்த உறுமல் அப்படியே இருந்தது. அது தரை வழியாகவும் வருகிறது, துணி என்ன செய்யும்? ஃபேனை 5-இல் வைத்ததில் சளிதான் பிடித்தது.

ஒருநாள் தூங்காமல் உட்கார்ந்து கவனித்தேன். வண்டிச் சத்தம் சரியாகக் கேட்கும் முன்பே தலைமாட்டில் ‘கிணுகிணு’ என்றது. இருட்டில் தடவிப் பார்த்தால் இரும்பு பீரோ! முதுகு சுவரில் முட்டியிருந்தது, ஒரு கால் தரையில் படவில்லை. உள்ளங்கையால் அழுத்தியதும் கிணுகிணுப்பு பாதியாகக் குறைந்தது. மீதி, சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் மக்கு (பட்டி) உதிர்ந்த ஜன்னல் கண்ணாடி.

பீரோவை நாலு விரற்கடை முன்னால் இழுத்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நாலு காலுக்கும் கொடுத்தேன். படாத காலுக்கு மட்டும் மூன்று மடிப்பு. கண்ணாடிக்குப் புது மக்கு. கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.

பத்து நாளாக நிம்மதியான தூக்கம். ஹாரன் நீளமாக அடித்தால் மட்டும் புரண்டு படுக்கிறேன்.